முந்திரிகை எங்கே காய்க்கும்?

"முந்திரிகை" என்றேன். எதிரே இருந்த சென்னை நண்பர் வாயில் வைத்திருந்த வைனை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் புரையேறிச் சிரித்தார். "முந்திரியில எவன்டா மச்சி ஒயின் போடுவான்?"

கேப் டவுனுக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் இருக்கிற குரூட் கொன்ஸ்டான்ஷியா என்ற பழைய வைன் தோட்டத்தில் நடந்தது இது. ஒரு கூட்டத்துக்காகப் போயிருந்த நாங்கள் மூன்று பேர், கடைசி நாள் மத்தியானம் கையில் நேரம் மிஞ்சியதும், அந்த ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் செய்வதைச் செய்தோம். வெள்ளைச் சுவரும் வளைந்த முகப்பும் வைத்த ஒல்லாந்தர் வீடு, ஓக் மரங்கள், பின்னால் மலை வரைக்கும் வரிசை வரிசையாகக் கொடி. மேசையில் ஆளுக்கு ஐந்து கிளாஸ், ஒவ்வொன்றிலும் இரண்டு மிடறு. ருசி பார்த்துவிட்டுத் துப்புகிறவர்களுக்காக நடுவில் ஒரு பாத்திரம். அதற்கு அவர்கள் ஏதோ பெயர் சொன்னார்கள். எங்கள் அப்பப்பா வீட்டு விறாந்தையில் வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்ததைப் படிக்கம் என்போம். செய்கிற வேலை ஒன்றுதான்.

ஊற்றித் தந்த இளைஞர் சும்மா பேச்சுக்குக் கேட்டார், உங்கள் பாஷையில் இந்தப் பழத்துக்கு என்ன பெயர் என்று. நான் முந்திரிகை என்றேன். சென்னைக்காரர் திராட்சை என்றார். மூன்றாமவர் களனியில் பிறந்து வளர்ந்த சிங்களவர். அவர் மிதி என்றார். இளைஞர் மூன்றையும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு அடுத்த போத்தலைத் திறக்கப் போய்விட்டார். நாங்கள்தான் விடவில்லை. தமிழன் இரண்டு பேர் இரண்டு பெயர் சொல்கிறான், அதில் ஒருவன் சொல்வது மற்றவனுக்குக் கொட்டையாகக் கேட்கிறது என்றால், யாரோ ஒருவன் எங்கேயோ தடம் மாறியிருக்க வேண்டும். கொழும்பில் வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்த பிறகும் அது என் தலையில் ஓடிக்கொண்டே இருந்தது.

முதலில் வழக்கை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தாருக்கு முந்திரிகை என்றால் பந்தலில் குலை குலையாகத் தொங்குவது. உரும்பிராய், கோப்பாய், நீர்வேலிப் பக்கத்துச் செம்மண்ணில் முந்திரிகைப் பந்தல் போட்டவர்கள் பலர். 'இஸ்ரேல் புளூ' என்ற கறுத்த சாதி அங்கே பிரசித்தம். அக்கரையில் முந்திரி என்றால் பண்ருட்டிக் காட்டில் காய்ப்பது, பாயசத்தில் நெய்யில் பொரிந்து மிதப்பது. நரி எட்டி எட்டிக் குதித்துவிட்டுப் புளிக்கும் என்று சொல்லிப் போன பழம் எங்கள் வீட்டுக் கதையில் முந்திரிகை. சென்னைப் பிள்ளைக்கு அதே கதையைச் சொன்னால், நரிக்குக் கொட்டையில் என்ன ஆசை என்று கேட்கும். நியாயமான கேள்வி.

மலையாளி எங்கள் பக்கம். அங்கேயும் முந்திரி என்றால் கொடியில் காய்க்கும் பழம்தான். 1986இல் பத்மராஜன் எடுத்த 'நமுக்கு பார்க்கான் முந்திரித்தோப்புகள்' படத்தின் பெயரை ஒரு தமிழ்நாட்டுக்காரர் 'நாம் குடியிருக்க முந்திரிக்காடு' என்று எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். பைபிளின் உன்னதப்பாட்டிலிருந்து பெயர் எடுத்த காதல் படம், அவர் வாயில் பண்ருட்டிக்குக் குடிபோய்விட்டது.

சொல்லின் பிறப்பில் பெரிய தகராறு இல்லை. சமஸ்கிருதத்தில் மிருத்வீகா. மிருது என்கிறோமே, அந்த மென்மைதான் வேர், மெத்தென்ற பழம். பாளியில் அது முத்திகா. சிங்களத்தில் இன்னும் தேய்ந்து மிதி. ஆக களனி நண்பர் சொன்னதும் நான் சொன்னதும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். சென்னைக்காரர் சொன்ன திராட்சைதான் வேறு குடும்பம். அது திராக்ஷா என்ற இன்னொரு சமஸ்கிருதச் சொல். இதை அந்த மேசையிலேயே சொல்லத் தெரிந்திருந்தால் ஆட்டத்தை இரண்டுக்கு ஒன்று என்று வென்றிருப்பேன். களனி நண்பர் பிறகு தொலைபேசியில் இன்னொன்றும் சொன்னார். பின்னேரங்களில் விகாரையில் பிக்குமாருக்குப் பானம் கொடுக்கிறார்களே, அதற்கு விநய பிடகத்தில் எட்டு வகைப் பானம் எண்ணியிருக்கிறது. மாம்பழம், நாவல், வாழை என்று போகிற அந்த வரிசையில் முத்திகாவும் ஒன்று. பிழிந்த சாறு ஆகும், புளித்தது ஆகாது. கொன்ஸ்டான்ஷியாவில் ஐந்து கிளாஸ் பார்த்த மனிதர் இதை மிகவும் பக்தியோடு சொன்னார்.

தமிழில் மட்டும் நடுவில் ஒரு 'ரி' எப்படி ஏறியது? பாளியில் முத்திகா என்ற ஒலிக்கு இரண்டு பொருள். ஒன்று இந்தப் பழம், மற்றது முத்திரை மோதிரம். சமஸ்கிருதத்தில் 'த்ர' வருகிற பல இடங்களில் பாளியில் 'த்த' வரும். சமுத்திரம் அங்கே சமுத்தம், பத்திரம் அங்கே பத்தம். பழத்தின் பெயரைப் பிராகிருத வழியாகக் கேட்ட யாரோ, 'இதுவும் முத்திரை சாதிதான்' என்று நினைத்து இல்லாத 'ர'வைத் திருப்பி வைத்திருக்கலாம் என்பது என் ஊகம். ஊகத்துக்கு மேல் அதற்கு மதிப்பு வேண்டாம். ஆனால் எனக்கு அதைக் கைவிட மனமில்லை. காரணம் கொட்டாஞ்சேனையில் நத்தார் காலத்தில் கேக்குக்குச் சாமான் வாங்கப் போனால் தெரியும். உலர்ந்த முந்திரிகைக்குச் சிங்களத்தில் முத்தரப்பலம் என்ற பெயர் உண்டு. பின்னால் ஒட்டியிருக்கிற 'பலம்' நம்முடைய பழம். முன்னால் இருக்கிற 'முத்தர' சிங்களக் காதுக்குத் தபால் முத்திரை. ஒரே சறுக்கல் இரண்டு வீட்டில் நடந்திருக்கலாம்.

(இன்னொரு முந்திரியும் தமிழில் உண்டு. 320இல் ஒரு பங்கு. கீழ்முந்திரி என்றால் அதிலும் 320இல் ஒரு பங்கு. அதைப் பழத்தோடு முடிச்சுப் போடக் கூடாது. ஒலி ஒன்றென்றால் வேர் ஒன்றென்று ஓடுகிறவர்களுக்கு நான் காட்டுவது ஊவா மாகாணத்தை. போர்த்துக்கேய மொழியில் ஊவா என்றால் முந்திரிகைப் பழம். பதுளைக்கும் அந்தப் பழத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.)

பழைய தமிழகத்துக்கு வைன் தெரியாதென்று இல்லை. புறநானூற்றில் நக்கீரர், பாண்டியன் நன்மாறனைப் பாடும்போது, யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவை வளை அணிந்த பெண்கள் பொற்கிண்ணத்தில் ஊற்றித் தருவதைச் சொல்கிறார். அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டியபோது மத்தியதரைக்கடல் பக்கத்து மதுச்சாடிகளின் ஓடுகள் வந்தன. ஆனால் புலவர் கையாண்ட சொல் தேறல். தெளிந்தது என்பதைத் தவிர அது எந்தப் பழத்தின் சாறு என்று அந்தச் சொல் சொல்லாது. குடித்தவர்கள் கொடியைக் கண்டதில்லை. சாடியைத்தான் கண்டார்கள்.

அப்படியானால் கொட்டைக்கு இந்தப் பெயர் எப்போது போனது? அந்த மரம் பிரேசிலிலிருந்து வந்தது. போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் நம் கரைகளுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே துப்பி மக்கள் அக்கஜு என்றதைப் போர்த்துக்கேயர் கஜு ஆக்கினார்கள். புதிதாக வந்த மரத்துக்கு ஊருக்கு ஊர் பெயர் வைத்தார்கள். மலையாளத்தில் பறங்கிமாவு, அதாவது பறங்கி கொண்டுவந்த மா. தமிழில் மரமுந்திரிகை. ஏற்கெனவே இருந்ததைப் பிரித்துக் காட்டக் கொடிமுந்திரிகை என்றார்கள்.

உருவத்தில் இரண்டுக்கும் ஒரு ஒற்றுமையும் கிடையாது. ஒன்று குலை, மற்றது தலைகீழாகத் தொங்கும் கொட்டையோடு ஒற்றைப் பழம். பெயர் ஒட்டியதற்குக் காரணமாக எனக்குத் தோன்றுவது, கொட்டைக்கு மேலே இருக்கிற அந்தப் பழத்தின் சாறு. பிழிந்து வைத்தால் அதுவும் புளிக்கும். கோவாவில் அதைத்தான் வடித்து ஃபெனி ஆக்குகிறார்கள். மரத்தில் காய்க்கிற மதுப்பழம் என்று யாரோ ஒரு குடிமகன் வைத்த பெயராக இருந்தால் ஆச்சரியமில்லை. அப்படியானால் சென்னைக்காரர் கேட்ட கேள்விக்குக் கோவாவில் பதில் இருக்கிறது.

இங்கே கொன்ஸ்டான்ஷியா மறுபடி உள்ளே வருகிறது. நான் எதிர்பார்க்காத கதவு வழியாக. 1685இல் அந்த நிலத்தைக் கேப்பின் தளபதி சைமன் வான் டெர் ஸ்டெல்லுக்கு எழுதிக் கொடுத்தவர், ஒல்லாந்தக் கொம்பனியின் ஆணையாளராகக் கேப்புக்கு வந்த ஹென்றிக் வான் ரீட். இவர் அதற்கு முன் மலபாரில் தளபதியாக இருந்தவர். கொச்சியில் இருந்துகொண்டு மலையாள வைத்தியர்களையும் பண்டிதர்களையும் கூட்டி 'ஹோர்துஸ் மலபாரிக்குஸ்' என்ற மாபெரும் தாவர நூலைத் தொகுத்தவரும் இவரே. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அது வெளிவந்தது. அதில் நம்முடைய கஜு மரத்துக்குப் படம் உண்டு. பெயர் 'காபா மாவா'. கப்பல் மாவு என்று படித்தால் புரியும், கப்பலில் வந்த மா. ஆக கொட்டையின் உள்ளூர்ப் பெயரை ஏட்டில் ஏற்றிய அதே ஆள்தான், நாங்கள் உட்கார்ந்து பெயருக்குச் சண்டை பிடித்த மண்ணுக்கும் உறுதி எழுதியிருக்கிறார். இதை அன்று அறிந்திருந்தால் இன்னொரு கிளாஸ் கேட்டிருப்பேன்.

நிலத்தை வாங்கிய சைமனுக்கும் இலங்கைக்கும் வேறு கணக்கு உண்டு. அவருடைய தகப்பன் அட்ரியான் மொரீசியஸில் தளபதியாக இருந்துவிட்டு இலங்கைக்கு வந்தார். 1646இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் படையிடம் அகப்பட்டுச் செத்தார். சைமனுடைய தாய்வழிப் பாட்டி மோனிக்கா என்ற இந்தியப் பெண். 'கொன்ஸ்டான்ஷியா' என்ற பெயருக்குப் பல கதைகள் சொல்கிறார்கள். இலத்தீனில் உறுதி என்று பொருள், அவ்வளவுதான் என்பது ஒன்று. வான் கூன்ஸ் வீட்டுப் பெண்பிள்ளையின் பெயர் என்பது இன்னொன்று. வான் கூன்ஸ் வேறு யாருமில்லை, 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர். எந்தக் கதை உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. எந்தக் கதையைத் தொட்டாலும் நம் கரை வந்து ஒட்டிக்கொள்கிறது.

ஒட்டத்தான் செய்யும். கேப்பில் கொம்பனி இறங்கியது 1652இல், கொழும்பைப் பிடித்தது 1656இல். ஒரே கப்பல்கள், ஒரே கணக்கப்பிள்ளைகள். ஆபிரிக்கான்ஸ் மொழியில் இன்றைக்கும் அலுவலகத்துக்குப் பெயர் கான்டூர். எங்கள் ஊர்க் கந்தோர் என்று வாசித்துவிட்டு நான் நின்றபோது சென்னைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. களனிக்காரருக்கு உடனே விளங்கியது. அவர்களுடைய பொயின்கிஸ்தான் எங்கள் வெள்ளவத்தைச் சந்தையின் போஞ்சி. கப்பல்கள் ஏற்றிப் போனவை சொற்கள் மட்டும் இல்லை. கேப்பின் பழைய அடிமைப் பதிவுகளில் மனிதர்களுக்கு ஊர்தான் பட்டப்பெயர்: 'வான் சிலோன்', 'வான் மலபார்', 'வான் த குஸ்ட்'. கடைசியில் சொன்னதற்குக் கரையிலிருந்து வந்தவர் என்று பொருள். அந்தக் கரை சோழமண்டலக் கரை. தகப்பன் வைத்த பெயர் கப்பலோடு போயிற்று. அந்தத் தோட்டங்களில் கொடி நட்டதிலும் பழம் மிதித்ததிலும் அவர்கள் கால் உண்டு. முந்திரிகை என்று சொல்லத் தெரிந்த வாய் அதில் எத்தனை இருந்திருக்கும் என்று அந்த ஓக் மரத்தடியில் நான் யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்துதான் யோசித்தேன்.

பெயர் மாறிப் போவது வைன்காரர்களுக்கும் புதிதில்லை. தென்னாபிரிக்காவின் சொந்தப் பழம் பினொட்டாஜ், 1925இல் பெரோல்ட் என்ற பேராசிரியர் பினோ நுவாரையும் எர்மிட்டாஜையும் கலந்து உண்டாக்கியது. எர்மிட்டாஜ் என்பது உண்மையில் பழமே இல்லை, பிரான்சில் ஒரு மலை. சின்சோ என்ற சாதியைக் கேப்பில் அப்படித் தவறாக அழைத்துப் பழகிவிட்டார்கள். தவறிலிருந்து பாதியை எடுத்துப் புதுப்பெயர் செய்தார்கள், அது நிலைத்துவிட்டது. அலெக்சாண்ட்ரியா மஸ்கட் என்ற பழத்துக்கு அங்கே பெயர் ஹானபூட், சேவற்கால். எங்கள் கொட்டாஞ்சேனையில் இதையும் விஞ்சிய ஒன்று இருக்கிறது. வுல்வெண்டால் தேவாலயம், 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறந்தது. அதற்கு முன் அங்கே போர்த்துக்கேயர் குவாதலூப்பே மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் வைத்திருந்தார்களாம். குவாதலூப்பே வாயில் நசிந்து 'ஆகுவா த லூப்போ' ஆனது. லூப்போ என்றால் ஓநாய் என்று ஒல்லாந்தர் எடுத்து, ஓநாய்ப் பள்ளம் என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். அந்தச் சதுப்பில் ஊளையிட்டது நரி. அதற்கு எட்டாத முந்திரிகையும் அங்கே இல்லை.

சரி, தடம் மாறியது யார்? என் தீர்ப்பு இது. கொடிமுந்திரிகை, மரமுந்திரிகை என்று இரண்டு நீளப் பெயர்களை எந்த ஊரும் நெடுநாள் சுமக்காது. ஏதாவது ஒரு முன்னொட்டை உதறும். தமிழ்நாட்டில் காடு காடாக மரம் பெருகிற்று, நாளும் புழங்கியது கொட்டை. 'மர' விழுந்தது. கொடியில் காய்த்ததற்குத் திராட்சை தயாராக நின்றது. தெலுங்கிலும் கன்னடத்திலும் அதுவே வழக்கு, பைபிளிலும் அதுவே அச்சாகியது. இலங்கையில் நடந்தது எதிர். போர்த்துக்கேயன் சொன்ன கஜு கொழும்புக் கடைத்தெருவில் சிங்களவர் வாயிலும் தமிழர் வாயிலும் சோனகர் வாயிலும் ஒன்றாக ஏறிவிட்டது. களனிப் பாலம் கடந்து கண்டி வீதியில் போனால் பஸ்யாலைக்குப் பக்கத்தில் ஊருக்கே கஜுகம என்று பெயர். தட்டிக் கடைகளில் பெண்கள் கொட்டையைக் குவித்து வைத்து விற்பார்கள். மட்டக்களப்பில் மரமுந்திரிகை என்று இன்னமும் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் கடையில் கேட்பது கஜுதான். கொட்டைக்கு வேறு பெயர் கிடைத்தபடியால் முந்திரிகை தன் பழைய கொடியை விட்டு இறங்க வேண்டி வரவில்லை. பறங்கிமாவு என்று கொட்டையை ஒதுக்கிய மலையாளத்திலும் அதே கதைதான். பழஞ்சொல்லைக் காப்பாற்றினோம் என்று யாழ்ப்பாணத்தார் மார்தட்ட இதில் ஒன்றும் இல்லை. காப்பாற்றிக் கொடுத்தவன் போர்த்துக்கேயன்.

அதற்கு விலையும் கொடுத்திருக்கிறோம். உலர்ந்த முந்திரிகைக்கு எங்கள் வீடுகளில் பெயர் பிளம்ஸ். பிளம் என்பது வேறு பழம் என்று எந்த அகராதியும் சொல்லும். ஆனால் பழைய ஆங்கிலச் சமையலில் உலர்ந்த முந்திரிகையையே பிளம் என்றார்கள்; பிளம் புடிங்கில் பிளம் இல்லாததன் இரகசியம் அது. வெள்ளைக்காரன் தன் ஊரில் மறந்துவிட்ட பொருளை வெள்ளவத்தை அடுப்படி இன்னும் காய்ச்சிக்கொண்டிருக்கிறது. என் பெரியம்மா ஒருமுறை சென்னைத் தொலைக்காட்சியைப் பார்த்துப் பாயசம் வைத்தார். அவர்கள் 50 கிராம் முந்திரி என்றார்கள், அடுத்த வரியில் 50 கிராம் திராட்சை என்றார்கள். பெரியம்மா இரண்டையும் ஒன்றென்று எடுத்து 100 கிராம் பிளம்ஸ் போட்டார். கஜு டப்பா பக்கத்திலேயே மூடியபடி இருந்தது. பாயசம் நல்ல மண்ணிறமாக வந்தது. நாங்கள் எல்லோரும் குடித்தோம்.

வைன் என்ற சொல்லுக்கும் இரண்டு கரையில் இரண்டு வாழ்வு. நாங்கள் வைன் என்று எழுதுகிறோம், அவர்கள் ஒயின். இலத்தீனின் 'வீனும்' என்ற சொல் இருவருக்கும் பாட்டி. இரண்டு இடத்திலும் பலகையில் இருப்பது உள்ளே இல்லை. கொட்டாஞ்சேனையில் வைன் ஸ்டோர்ஸ் என்ற பலகைக்குக் கீழே கம்பிக் கூட்டுக்குள்ளால் கைக்கு வருவது சாராயம். சென்னையில் ஒயின் ஷாப் என்று சொல்லப்பட்ட இடத்தில் பிராந்தி. வாசலில் கௌரவம் வேண்டியிருந்தது, அதற்காக ஒரு வெளிநாட்டுப் பழத்தின் பெயரைக் கடன் வாங்கினார்கள்.

உண்மையாகவே பழம் பிழிந்து போத்தலில் அடைத்தவர்கள் எங்களில் துறவிகள்தான். வலிகாமத்தில் தோலகட்டியில் 1928இல் தோமஸ் அடிகள் தொடங்கிய செபமாலைத் தாசர் ஆச்சிரமம் எங்கள் ஊருக்குத் தந்தவற்றில் செபமும் உண்டு, நெல்லி ரசமும் உண்டு. 1990இல் சனங்கள் இடம்பெயர்ந்தபோது துறவிகளும் இடம்பெயர்ந்தார்கள். போத்தல் நிற்கவில்லை. கொழும்புத்துறை வீதியில் றோசறியன் கன்னியர் மடத்துக்குச் சிநேகிதர்களோடு போய், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நெல்லி ரசமும் முந்திரிகைச் சாறும் கறுவா, கராம்பு மணக்கும் அந்த இனிப்பு வைனும் வாங்கி வந்திருக்கிறேன். ஓக் மரம் இல்லை, ஐந்து கிளாஸ் இல்லை, படிக்கமும் இல்லை. சிஸ்டர் போத்தலைக் கடதாசியில் சுற்றித் தருவார்.

கொன்ஸ்டான்ஷியாவின் பெயர் பெற்ற இனிப்பு வைன் ஒரு சிறிய போத்தல் கொண்டுவந்தேன். செயின்ட் ஹெலினாவில் சிறையிருந்த நெப்போலியன் கேட்டுக் குடித்தது அந்தத் தோட்டத்து வைன் என்று பெரியம்மாவுக்குச் சொல்லி, தேத்தண்ணீர்க் கோப்பையில் இரண்டு மிடறு ஊற்றிக் கொடுத்தேன். மணந்து பார்த்தார். நாக்கு நுனியில் வைத்துச் சப்புக்கொட்டினார்.

"முந்திரிகை ரசந்தானே தம்பி. எங்கட சிஸ்டர்மார் செய்யிறது மாதிரித்தான் கிடக்கு. கராம்பு போட மறந்திட்டாங்கள் போல."